யூரின் டியூப் போட்டவருக்கு கல்ச்சர் அனுப்பும் முன்: வார்டுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

"சிஸ்டர், பெட் நம்பர் 14-க்கு யூரின் கலங்கலா இருக்கு, எதுக்கும் ஒரு கல்ச்சர் அனுப்பிடுங்க."

வார்டில் சேர்ந்த முதல் வாரத்திலேயே இதைக் கேட்டிருப்பீர்கள். கல்ச்சர் என்றால், சிறுநீரில் கிருமி வளர்கிறதா என்று லேபில் வளர்த்துப் பார்க்கும் சோதனை. பல வருடமாக நோய்த்தொற்றுக் கட்டுப்பாட்டு நர்ஸாக இருக்கிற எனக்கு இதில் உறுத்துகிற சொல் அந்த 'எதுக்கும்'தான். டியூப் போட்ட நோயாளியின் சிறுநீரை 'எதுக்கும்' அனுப்பினால், பெரும்பாலும் ஏதாவது ஒரு கிருமி வளர்ந்து ரிப்போர்ட்டாகத் திரும்பி வரும். வந்துவிட்டால் அதைப் பார்த்தும் பார்க்காததுபோல் விட யாருக்கும் துணிவு வராது. ஆன்டிபயாடிக் ஆரம்பமாகிவிடும். ஆகவே யோசிக்க வேண்டிய நேரம் ரிப்போர்ட் வந்த பிறகு இல்லை, பாட்டிலை எடுக்கும் முன்பே. புதிதாக வந்திருக்கும் ஸ்டாஃப் நர்ஸ்களும் ஹவுஸ் சர்ஜன்களும் அந்த நேரத்தில் என்ன செய்யலாம் என்று எழுதியிருக்கிறேன்.

டியூப் இருந்தால் கிருமியும் இருக்கும்

சாதாரணமாக நாம் சிறுநீர் கழிக்கும்போது வழியில் ஒட்டியிருக்கும் கிருமிகள் அந்த ஓட்டத்தோடு அடித்துக்கொண்டு போய்விடும். ஃபோலி கதீட்டர், அதாவது நுனியில் ஒரு சின்ன பலூனை ஊதி மூத்திரப்பையில் நிறுத்திவைக்கும் இந்த யூரின் டியூப், உள்ளே போனதும் இந்தக் கழுவல் நின்றுவிடுகிறது. பலூனுக்குக் கீழே கொஞ்சம் சிறுநீர் எப்போதும் தேங்கி நிற்கும். டியூபின் உள்பக்கமும் வெளிப்பக்கமும் கிருமிகள் ஒட்டிக்கொண்டு, தங்களைச் சுற்றி வழவழப்பான ஒரு படலத்தைக் கட்டிக்கொள்ளும். தண்ணீர்த் தொட்டியின் உள்சுவரில் பாசி பிடிப்பது போலத்தான். அந்தப் படலத்துக்குள் இருக்கும் கிருமிகளை ஆன்டிபயாடிக் முழுதாக அழிக்காது. மருந்தை நிறுத்தியதும் திரும்ப வளரும், சில நேரம் முன்பைவிட முரட்டுக் கிருமியாக.

டியூப் போட்டபின் ஒவ்வொரு நாளும் 3 முதல் 7 சதவீதம் பேருக்குப் புதிதாகச் சிறுநீரில் கிருமி சேர்கிறது என்பது பல ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வந்த கணக்கு. கூட்டிப் பார்த்தால், பத்தாவது நாளில் கால்வாசிப் பேரிலிருந்து பாதிப் பேர் வரை. ஒரு மாதம் டியூப் இருந்தால் ஏறக்குறைய எல்லோருக்கும். இவர்களில் எத்தனை பேருக்கு உண்மையில் தொந்தரவு வருகிறது? டாம்பியா, மாக்கி என்ற இரண்டு ஆய்வாளர்கள் டியூப் போட்ட 1,497 நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்து 2000-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், கிருமி சேர்ந்தவர்களில் 90 சதவீதத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு எந்த அறிகுறியும் இல்லை. கிருமி உண்டு, நோய் இல்லை. 'அறிகுறியற்ற கிருமி' என்று கேஸ் ஷீட்டில் எழுதுவது இந்த நிலையைத்தான்.

சரி, ஒரு ஆன்டிபயாடிக் கூடுதலாகப் போனால் என்ன என்று கேட்கலாம். வயிற்றுப்போக்கு, கிட்னிக்குச் சுமை, செலவு, அடுத்த முறை மருந்துக்கு மசியாத கிருமி என்று சொல்லிக்கொண்டே போகலாம். என்னை மாற்றியது இதில் எதுவும் இல்லை, ஒரு பாட்டி. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், இடுப்பெலும்பு ஆபரேஷன் முடிந்த அவருக்கு ஐந்தாம் நாள் காய்ச்சல். வழக்கப்படி யூரின் கல்ச்சர் போனது, கிளெப்சியெல்லா என்ற கிருமி வளர்ந்தது, மெரோபெனம் என்ற வீரியமான ஆன்டிபயாடிக் ஆரம்பித்தோம். காரணம் கிடைத்துவிட்டது என்று எல்லோருக்கும் நிம்மதி. மூன்று நாள் கழித்துக் கையிலிருந்த ஐ.வி. லைன் பிளாஸ்டரைப் பிரித்தபோது உள்ளே நரம்பு கயிறு மாதிரி தடித்துச் சிவந்து, அழுத்தினால் சீழ் வந்தது. அந்த பிளாஸ்டரை முதல் நாளே பிரித்துப் பார்க்க அரை நிமிடம் போதும். கிடைத்த ரிப்போர்ட் எங்கள் தேடலை நிறுத்திவிட்டது.

முதல் படி: யூரோபேக்கை (சிறுநீர் சேரும் பையை) விட்டுவிட்டு ஆளைப் பாருங்கள்

கலங்கல், வாடை, அடர்ந்த மஞ்சள், கொஞ்சம் துகள். இவை எதுவும் தனியாக கல்ச்சர் அனுப்பக் காரணமாகாது. தண்ணீர் குறைவாகக் குடித்தால் நிறம் அடரும், வாடை வரும். துகள் பெரும்பாலும் உப்புப் படிவம், உதிர்ந்த செல்கள். நீண்ட நாள் டியூப் இருக்கும் வயதான பெண்களுக்கு, அதிலும் மலச்சிக்கல் இருந்தால், யூரோபேக் முழுக்க ஊதா நிறமாக மாறுவதும் உண்டு. முதல் தடவை பார்த்தால் பதறிப்போவீர்கள். குடலில் உருவாகும் ஒரு பொருளைச் சிறுநீரில் இருக்கும் சில கிருமிகள் நீலச் சாயமாகவும் சிவப்புச் சாயமாகவும் மாற்ற, இரண்டும் கலந்து ஊதாவாகிறது. காய்ச்சலோ வலியோ இல்லாவிட்டால் மலச்சிக்கலைக் கவனித்து, டியூப் இன்னும் வேண்டுமா என்று கேட்டால் போதும்.

பார்க்க வேண்டியவை இவை: காய்ச்சல் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேல் இருக்கிறதா? குளிர் நடுக்கம் வந்ததா? விலா எலும்புக்குக் கீழே முதுகுப் பக்கம் தட்டினால் வலிக்கிறதா? அடிவயிற்றை அழுத்தினால் முகம் சுளிக்கிறாரா? இரத்த அழுத்தம் இறங்குகிறதா? திடீரென்று சிறுநீரில் இரத்தமா? டியூப் எடுத்து இரண்டு நாளுக்குள் என்றால், எரிச்சல், அடிக்கடி போவது, அடக்க முடியாமல் போவது. தண்டுவடக் காயம் பட்டவர்களுக்கு வலி தெரியாது. அவர்களுக்குக் கால் விறைப்பு திடீரென்று கூடுவது, காரணமில்லாமல் பி.பி. எகிறி வியர்த்துக் கொட்டுவது ஆகியவற்றை அறிகுறியாக எடுத்துக்கொள்ள வேண்டும்.

இதில் காய்ச்சல்தான் ஏமாற்றும். டியூபும் இருக்கிறது, காய்ச்சலும் இருக்கிறது என்பதற்காக டியூபால்தான் காய்ச்சல் என்று ஆகிவிடாது. நான் ஒரு வரிசை வைத்திருக்கிறேன்: நெஞ்சு, லைன், புண், கால், மருந்துச் சீட்டு. சளி, இருமல், ஆக்ஸிஜன் அளவு பாருங்கள். ஒவ்வொரு ஐ.வி. லைனையும் பிரித்துப் பாருங்கள். ஆபரேஷன் தையலையும் படுக்கைப் புண்ணையும், அதாவது ஆளைத் திருப்பிப் போட்டு முதுகையும், பாருங்கள். கெண்டைக்கால் ஒரு பக்கம் மட்டும் வீங்கியிருக்கிறதா? நேற்று புதிதாக ஆரம்பித்த மருந்து எது, இரத்தம் ஏற்றினார்களா? இத்தனையும் பார்த்து வேறு காரணம் தெரியாவிட்டால் கல்ச்சர் நியாயம்தான்.

வயதானவர் திடீரென்று குழம்பிப் பேசினால் யூரின் அனுப்பும் பழக்கம் எங்கும் இருக்கிறது. அமெரிக்கத் தொற்றுநோய் மருத்துவர் சங்கம் 2019-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் இந்த இடத்தில் தெளிவாக இருக்கிறது. காய்ச்சல் இல்லை, பி.பி. நிலையாக இருக்கிறது, சிறுநீர் சம்பந்தமான அறிகுறி இல்லை என்றால், குழப்பத்தை மட்டும் வைத்து ஆன்டிபயாடிக் போடாமல் வேறு காரணத்தைத் தேடி, கவனித்து வாருங்கள் என்கிறது. சோடியம், சர்க்கரை, ஆக்ஸிஜன், மலச்சிக்கல், தூக்க மாத்திரை, ராத்திரி முழுக்கத் தலைமேல் எரியும் விளக்கு, கழற்றி டிராயரில் வைத்த காது மெஷின் என்று தேட நிறைய இருக்கிறது.

ஒன்றை அழுத்திச் சொல்லிவிடுகிறேன். பி.பி. இறங்கி, மூச்சு வாங்கி, செப்சிஸ் (தொற்று உடல் முழுவதையும் பாதித்து உயிருக்கு ஆபத்தாகும் நிலை) போல இருக்கும் நோயாளியிடம் இந்தக் கட்டுரையை வைத்துக்கொண்டு நிற்காதீர்கள். அங்கே பிளட் கல்ச்சர், யூரின் கல்ச்சர் எல்லாம் எடுத்து, ஆன்டிபயாடிக் உடனே போக வேண்டும்.

இரண்டாம் படி: வழக்கத்துக்காகப் போகும் சாம்பிள்களை அடையாளம் காணுங்கள்

லேப் ரிஜிஸ்டரை எடுத்து, உங்கள் வார்டிலிருந்து ஒரு மாதத்தில் போன கதீட்டர் யூரின்களை எண்ணுங்கள். ஒவ்வொன்றுக்கும் அந்த நாளின் கேஸ் ஷீட்டில் ஏன் என்று தேடுங்கள். நான் முதல் தடவை செய்தபோது பாதிக்கு மேல் காரணமே எழுதப்படவில்லை. மீதியில் 'அட்மிஷன் ருட்டீன்', 'டியூப் மாற்றியதால்', 'டிஸ்சார்ஜுக்கு முன்', 'ஆன்டிபயாடிக் முடிந்ததால் சரியாகிவிட்டதா என்று பார்க்க'. இவை எல்லாமே விட்டுவிடக் கூடியவை. மூட்டு மாற்று, இதயம் போன்ற ஆபரேஷன்களுக்கு முன் அறிகுறி இல்லாதவருக்கு யூரின் கல்ச்சர் வேண்டாம் என்றுதான் அதே 2019 வழிகாட்டுதலும் சொல்கிறது.

அறிகுறி இல்லாமலே தேடிப் பார்க்க வேண்டியவர்கள் இரண்டு வகை: கர்ப்பிணிகள், சிறுநீர்ப் பாதையில் காயம் படக்கூடிய யூராலஜி சிகிச்சைக்குப் போகிறவர்கள். கிட்னி மாற்று செய்து ஒரு மாதம்கூட ஆகாதவர், வெள்ளணுக்கள் மிகவும் குறைந்தவர் விஷயத்தில் அந்தந்த யூனிட் சொல்வதைக் கேளுங்கள்.

இன்னொரு பொறி, சீழ் செல்கள். யூரின் ருட்டீனில் 'சீழ் செல் 20 முதல் 25' என்று வந்ததும் கல்ச்சருக்குக் கை போகும். உள்ளே ஒரு ரப்பர் குழாய் உரசிக்கொண்டே இருந்தால் சீழ் செல் வராமல் என்ன செய்யும்? டியூப் போட்டவருக்கு இந்த எண்ணிக்கை தொற்றை உறுதி செய்யாது. மாறாக, சீழ் செல்லே இல்லையென்றால் காய்ச்சலுக்கு வேறு காரணம் தேடச் சொல்லும் நல்ல குறிப்பு அது.

மூன்றாம் படி: எடுப்பதென்றால் ஒழுங்காக எடுங்கள்

தேவையான சாம்பிளையும் தவறாக எடுத்தால் அது தேவையற்ற சாம்பிளுக்குச் சமம். நான் அதிகம் திட்டு வாங்கியதும், அப்புறம் மற்றவர்களைத் திட்டியதும் இந்த இடத்தில்தான்.

யூரோபேக்கின் அடியிலிருக்கும் குழாயைத் திறந்து பாட்டிலில் பிடிக்கக் கூடாது. மணிக்கணக்காக அறை வெப்பத்தில் தேங்கிய சிறுநீர் அது. டியூபையும் பேக்கையும் இணைக்கும் இடத்தைக் கழற்றியும் எடுக்கக் கூடாது. மூடிய அமைப்பைத் திறந்தால் வெளிக்கிருமிக்கு நாமே கதவு திறந்துவிடுகிறோம். டியூபின் நுனியை வெட்டி கல்ச்சருக்கு அனுப்புவதை நான் இன்னும் சில இடங்களில் பார்க்கிறேன். அதில் வளர்வது படலத்தின் கிருமி, அதைவைத்து எந்த முடிவும் எடுக்க முடியாது.

பேக்கின் டியூபில் சாம்பிள் எடுக்கும் போர்ட் இருந்தால், அதற்குக் கீழே கிளாம்ப் போட்டுப் பத்துப் பதினைந்து நிமிடம் விடுங்கள். கிளாம்ப் போட்ட நேரத்தைக் கையிலாவது எழுதிக்கொள்ளுங்கள், மறந்துபோய் மூத்திரப்பை உப்பிய கதை எல்லா வார்டிலும் ஒன்று உண்டு. கை கழுவி, கிளவுஸ் போட்டு, போர்ட்டை ஸ்பிரிட்டால் அழுத்தித் துடைத்து, காயவிட்டு, புது சிரிஞ்சில் 10 மில்லி எடுத்தால் போதும். கிளாம்பை எடுத்துவிட்ட பிறகே இடத்தை விட்டு நகருங்கள்.

போர்ட் இல்லாத விலை குறைந்த பேக்தான் உங்கள் வார்டில் என்றால், ரப்பர் கதீட்டரையே துடைத்து மெல்லிய ஊசியால் சாய்வாகக் குத்தி எடுக்கிறோம். பலூனுக்குத் தண்ணீர் போகும் கிளைப் பக்கம் குத்திவிடாதீர்கள், பலூன் இறங்கி டியூப் கையோடு வந்துவிடும். சிலிக்கான் கதீட்டரைக் குத்தவே கூடாது, ஓட்டை மூடாமல் ஒழுகும். போர்ட் உள்ள பேக் கேட்டு ஸ்டோருக்கு எழுதிப் போடுவது உங்கள் வேலை இல்லைதான், ஆனாலும் எழுதிப் போடுங்கள்.

டியூப் போட்டு இரண்டு வாரத்துக்கு மேல் ஆகியிருந்தால் பழைய டியூபிலிருந்து எடுக்க வேண்டாம். அதை எடுத்துவிட்டு, இன்னும் தேவையென்றால் புது டியூப் போட்டு, அதன் வழியே வரும் சிறுநீரை அனுப்புங்கள். பழைய படலத்தின் கிருமி கலக்காத சாம்பிள் அதுதான். டியூபே இனி வேண்டாம் என்றால், எடுத்துவிட்டு நடுப்பகுதிச் சிறுநீரை (முதலில் வருவதை விட்டுவிட்டு இடையில் வருவதை) பிடிக்கலாம். எப்படியானாலும் முதல் டோஸ் ஆன்டிபயாடிக்குக்கு முன்.

அடுத்து நேரம். ஈ.கோலை என்ற கிருமி தனக்குச் சாதகமான சூட்டில் 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாகும். அந்த வேகத்தில் மூன்று மணி நேரத்தில் ஒன்று 512 ஆகிவிடும். மே மாத மதியத்தில் நர்சிங் ஸ்டேஷன் மேஜைமேல் கிடக்கும் பாட்டிலை நினைத்துப் பாருங்கள். இரண்டு மணி நேரத்துக்குள் லேப் போய்ச் சேர வேண்டும். முடியாவிட்டால் சாம்பிளுக்கென்று இருக்கும் ஃபிரிட்ஜில் 4 டிகிரி செல்சியஸில் வைத்தால் ஒரு நாள் வரை தாங்கும். சாப்பாட்டு ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள், இதையும் சொல்ல வேண்டியிருக்கிறது. பாட்டிலிலும் ஃபார்மிலும் 'கதீட்டர் யூரின்', டியூப் எத்தனையாவது நாள், எடுத்த நேரம், என்ன அறிகுறி, என்ன ஆன்டிபயாடிக் போகிறது என்று எழுதுங்கள். இந்த 'என்ன அறிகுறி' கட்டத்தை நிரப்ப முடியாமல் பேனா நின்றால், அந்த சாம்பிளை அனுப்பலாமா என்று மறுபடி கேளுங்கள்.

சொல்ல வேண்டியவர்களிடம் எப்படிச் சொல்வது

புதிதாக வந்தவர் டியூட்டி டாக்டரிடம் "வேண்டாம் சார்" என்று சொல்ல முடியாது, தெரியும். தகவலைச் சொல்லி, கேள்வியாக முடியுங்கள்: "சார், ஃபீவர் இல்லை, அடிவயிறு வலி இல்லை, டியூப் ஒன்பதாவது நாள். இப்ப அனுப்பினா ஏதாவது வளரத்தான் செய்யும். சாயங்காலம் வரைக்கும் டெம்பரேச்சர் பார்த்துட்டுச் சொல்லட்டுமா?" பத்தில் ஏழெட்டு தடவை "சரி, பாருங்க" என்றுதான் பதில் வந்திருக்கிறது. "இல்லை, அனுப்புங்க" என்றால் அனுப்பிவிட்டு, காரணத்தைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

கூட இருக்கும் உறவினர்கள் பேக்கைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள். "மஞ்சளா வருதே, டெஸ்ட் எடுக்கலையா?" என்று மகள் கேட்டால் எரிந்து விழாதீர்கள். "டியூப் இருந்தா இப்படித்தாம்மா வரும். அப்பாவுக்குக் காய்ச்சல், வலி ஏதாவது வருதான்னு நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை பார்க்கிறோம். தண்ணி எவ்வளவு கொடுக்கலாம்னு டாக்டர்கிட்ட கேட்டுச் சொல்றேன்" என்றால் போதும். கவனிக்கிறார்கள் என்று தெரிந்தால் அவர்கள் டெஸ்ட்டை மறந்துவிடுவார்கள்.

இப்படிப் பேசிப் பேசி மாற்ற முடியுமா என்று சந்தேகம் வரும். அமெரிக்காவில் ஹூஸ்டன் நகரில் முன்னாள் ராணுவத்தினருக்கான மருத்துவமனையில் 2010 முதல் 2013 வரை செய்து பார்த்திருக்கிறார்கள். பெரிய கருவி எதுவும் கிடையாது. சட்டைப்பையில் வைக்கும் ஓர் அட்டை, அதில் அறிகுறியைக் கேட்கும் சில கேள்விகள். அப்புறம் டாக்டர்களோடு உட்கார்ந்து அவர்களுடைய கேஸ்களையே எடுத்துப் பேசினார்கள். 1,000 படுக்கை நாளுக்கு (ஒரு நோயாளி ஒரு நாள் இருந்தால் ஒரு படுக்கை நாள்) 41.2 ஆக இருந்த யூரின் கல்ச்சர் 23.3 ஆகக் குறைந்து, அடுத்த கட்டத்தில் 12 ஆனது. அறிகுறியற்ற கிருமிக்குத் தேவையின்றி மருந்து கொடுத்தது 1.6-லிருந்து 0.6 ஆனது. டொரோன்டோவில் ஒரு மருத்துவமனை, டியூப் இல்லாத உள்நோயாளிகளுக்கு, வளர்ந்த கிருமியின் பெயரைத் தானாக வெளியிடாமல் 'தொற்று என்று உறுதியாகச் சந்தேகித்தால் லேபுக்கு போன் செய்யுங்கள்' என்று மட்டும் போட்டது. போன்கள் மிகக் குறைவாகத்தான் வந்தன. தேவையற்ற சிகிச்சை 48 சதவீதத்திலிருந்து 12 ஆக இறங்கியது.

உங்கள் வார்டின் கணக்கை நீங்களே போடலாம். 30 படுக்கை நிரம்பிய வார்டு, 30 நாள், ஆக 900 படுக்கை நாள். அந்த மாதம் 27 கல்ச்சர் போயிருந்தால் 1,000-க்கு 30. மாதம் ஒரு தடவை இந்த ஒற்றை எண்ணை நர்சிங் ஸ்டேஷன் சுவரில் ஒட்டினாலே பேச்சு ஆரம்பித்துவிடும்.

ரிப்போர்ட் வந்துவிட்டால்

1 லட்சம் காலனி (வளர்ந்த கிருமியின் எண்ணிக்கை) என்று வந்திருக்கலாம், மருந்துக்கு மசியாத கிருமி என்று சிவப்பு மையில் வந்திருக்கலாம். எண்ணோ கிருமியின் முரட்டுத்தனமோ சிகிச்சையைத் தீர்மானிப்பதில்லை. மறுபடி கட்டிலுக்குப் போய் அதே கேள்விகளைக் கேளுங்கள். அறிகுறி இல்லையென்றால், 'அறிகுறியற்ற கிருமி, சிகிச்சை தேவையில்லை' என்று டாக்டரிடம் கேட்டு எழுதி வையுங்கள். எழுதாவிட்டால் ராத்திரி டியூட்டிக்கு வருகிறவர் ரிப்போர்ட்டைப் பார்த்து மருந்தை ஆரம்பித்துவிடுவார். கேண்டிடா என்ற பூஞ்சை வந்தாலும் பெரும்பாலும் இதே கதைதான், டியூபை எடுத்தாலே பலருக்குப் போய்விடும். உண்மையான தொற்று என்றால், சீக்கிரம் தேறியவருக்கு 7 நாள் மருந்து பொதுவாகப் போதும், தாமதமாகத் தேறியவருக்கு 10 முதல் 14 நாள். தேறியவருக்கு 'சரிபார்க்க' மறு கல்ச்சர் வேண்டாம்.

டியூபை எடுப்பது

இதைக் கடைசியில் வைத்தேனே தவிர, ரவுண்ட்ஸில் முதலில் கேட்க வேண்டியது இதுதான்: "சார், இவருக்கு டியூப் இன்னும் எதுக்கு?" சிறுநீர் அடைப்பு, ஐ.சி.யூ.வில் மணிக்கு மணி அளவு பார்ப்பது, சில ஆபரேஷன்கள், அடக்க முடியாமல் போகிறவரின் இடுப்புப் பகுதியில் திறந்த புண், அசையவே கூடாத எலும்பு முறிவு, இறுதி நாட்களில் நிம்மதிக்காக. இவை சரியான காரணங்கள். 'கட்டிலை நனைக்கிறார்' என்பதும், 'கூட இருக்க ஆள் இல்லை' என்பதும் நமக்குப் புரிகிற கஷ்டங்கள், ஆனால் டியூபுக்குக் காரணமாகாது. ஆண்களுக்கு ஆணுறை போல மாட்டும் காண்டம் கதீட்டர் இருக்கிறது. பெண்களுக்கு நேரம் வைத்து பெட்பேன் கொடுப்பதும் டயபரும். வேலை கூடும், மறுக்கவில்லை.

எடுக்கச் சொன்னால் காலை 6 மணிக்கு எடுங்கள், பகலெல்லாம் கவனிக்க ஆள் இருக்கும். பலூன் தண்ணீரை முழுதாக இறக்கி, போட்ட அளவும் வந்த அளவும் ஒன்றா என்று பாருங்கள். மதியம் 12-க்குள் அவர் போயிருக்க வேண்டும். போகாவிட்டால், அல்லது அடிவயிறு உப்பி வலித்தால், ஸ்கேன் வசதி இருந்தால் மூத்திரப்பையில் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்து டாக்டரிடம் சொல்லுங்கள். ஒருமுறை மட்டும் வடித்துவிட்டு எடுத்துவிடும் டியூபே பலருக்குப் போதும், ஃபோலியைத் திரும்பப் போட அவசரப்பட வேண்டாம். போன நேரத்தையும் அளவையும் சார்ட்டில் எழுதிவிட்டு, கட்டில் தலைமாட்டில் தொங்கும் 'டியூப் நாள்' அட்டையைக் கழற்றிவிடுங்கள்.